பிள்ளை கைகூப்பிய வழக்கு

கோர்ட்டு மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, சட்டப் புத்தகத்தை எப்படிப் படிப்பது, சத்தியப் பிரமாணத்தை எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் உங்களுக்கு ஆபீசில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கூண்டில் நிற்கிறவரைவிட அதிகமாக வியர்த்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதில் நான் தேர்ந்தவன். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கடிகாரத்துக்கே தெரியாது, மலாக்கா கோர்ட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாளே என் வேலை முடிந்திருக்க வேண்டியது என்று.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்குச் சில மாதங்கள் இருந்த சமயம். ஈப்போவிலிருந்து என்னை மலாக்காவுக்கு மாற்றியிருந்தார்கள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. காஜா பெராங் ரோட்டில், ராவுத்தர் ஒருவருடைய தேநீர்க் கடைக்கு மேல் அறை. அடுத்த வீட்டில் தேவநாயகம் பிள்ளை. அறுபது வயதுத் தச்சர். வாசலில் மாவிலைத் தோரணம், நெற்றி நிறைய விபூதி, உள்ளே சாமி மேடையில் பித்தளை விளக்கு. பார்த்த மாத்திரத்தில், 'ஆகா, அசல் தமிழ்க் குடும்பம்' என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் மனைவி மலாய்ப் பெண்களைப் போல சாரோங்கும் கெபாயாவும் உடுத்தியிருந்தார். அதையும் பார்த்தேன். மலாக்கா வெயிலுக்கு அது சௌகரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட மூளைக்குத்தான் சர்க்கார் சம்பளம் கொடுத்தது.

வேலை நிரந்தரமாக ஒரு பரீட்சை எழுத வேண்டும். குற்றவியல் சட்டத்தை மனப்பாடம் செய்ய எனக்கு ஒரே வழிதான் தெரியும்: யாரிடமாவது சத்தமாகச் சொல்வது. பிள்ளை மாலையில் வாசலில் பெஞ்சு போட்டு உட்காருவார். நானும் போய் உட்காருவேன். நான்கு மாலை. அந்த வாரம் பக்கத்துச் சந்தில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்திருந்ததால், தற்காப்பு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டேன்.

"ஐயா, இந்தத் தற்காப்பு இருக்கே, ஊருக்கு ஊரு மாறும்ங்க. சீமையில ரோட்டுல ஒருத்தன் அடிக்க வந்தா, மொதல்ல பின்னாடி நகரணும். நகர எடம் இருந்தும் நகராம அடிச்சா, ஏன் நகரலன்னு கேப்பான். அமெரிக்காவுல சில மாநிலத்துல அந்தப் பேச்சே இல்லையாம், நின்ன எடத்துலயே நிக்கலாமாம். அடுத்த மாநிலத்துக்குப் போனா அதுவே குத்தம். நம்ம சட்டம் இந்தியாவுல எழுதுனதோட அச்சு. ஓடணும்னு அதுல எழுதல. ஆனா போலீசுக்குப் போக நேரம் இருந்திச்சா, தேவைக்கு மேல அடிச்சியா, இந்த ரெண்டையும் கேக்கும்."

பிள்ளை கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். "யா, யா."

"இங்க மலாக்காவுல காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட ஊரடங்கு எடுத்தாச்சு. ஜொகூர் பக்கம் சில எடத்துல இன்னும் இருக்கு. அங்க ஒருத்தன் வீட்டுக்குள்ள திருடன் வந்தா, 'போலீசுக்கு ஓடு'ன்னு சொல்ல முடியுமா? ரோட்டுல எறங்குனா இவனையே சுட்டுப்புடுவான்லா! நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தன் பூந்து கைய ஓங்கிட்டான்னு வைங்க. ஒலக்க இருந்தாக்கூட எடுக்கலாம், ஐயா!"

"யா, யா."

இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறவரை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஒரு கேள்வி இல்லை, ஒரு குறுக்குப் பேச்சு இல்லை. நான்காம் நாள் முடிவில் இரண்டு கைகளையும் கூப்பினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஈப்போவில் என் சொந்த அண்ணனே நான் வாயைத் திறந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மறுநாள் மதியம் நான் கோர்ட்டில் இருந்தேன். சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே ராவுத்தர் கடையிலிருந்து கத்தினார்.

"தம்பி! ஒங்க சிநேகிதரு பிள்ளை என்னா பண்ணிட்டாரு தெரியுமா? திருடன் கைய ஒடச்சிட்டாரு! மாத்தா வந்து போலீசு ஸ்டேசனுக்குப் பிடிச்சிக்கிட்டுப் போயிட்டான்."

"எதால அடிச்சாரு?"

"ஒலக்கையாலலா!"

சைக்கிள் கீழே விழுந்தது. நான் அதன் மேல் விழாமல் ராவுத்தருடைய பெஞ்சில் விழுந்தேன். அவர் ஒரு தேநீர் கொடுத்தார். கிளாஸ் கைக்கு வந்தது, தேநீர் சட்டைக்கு வந்தது. மனிதன் நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறான்! பின்வாங்குவது, போலீஸ், தேவைக்கு மேல் என்றெல்லாம் நான் சொன்னதை விட்டுவிட்டு உலக்கையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறான். நாளை கூண்டில் நின்று விரலை நீட்டுவான்: 'இதோ, கோர்ட்டில் வேலை செய்கிற இந்தத் தம்பிதான் அடிக்கலாம் என்றார்.' அடி வாங்கினவனுக்குக் கை போயிற்று, அடித்தவனுக்கு ஜெயில், எனக்கு வேலை போகும். ஜெயிலில் எனக்கும் பிள்ளைக்கும் ஒரே அறை கொடுப்பார்களா, மீதி அத்தியாயத்தையும் அங்கேயே சொல்லி முடிப்பேனா என்றுகூட யோசித்தேன்.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது என்ன தெரியுமா? மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தலைமைக் கிராணியிடம், அதாவது தலைமை எழுத்தரிடம் போய், 'இந்த வழக்கில் இருக்கிறவர் எனக்குத் தெரிந்தவர், வேறு ஆளைப் போடுங்கள்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். நான் அதைச் சொல்லவில்லை. 'ஏன், உனக்கும் அவருக்கும் என்ன பேச்சு?' என்று கிராணி கேட்டுவிட்டால்? இதை மறக்காதீர்கள். இந்த வேலையில் நான் செய்த தப்புகள் எல்லாம் வாயைத் திறந்து செய்தவை. இது ஒன்றுதான் வாயை மூடிச் செய்தது. மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதும் இதுதான்.

காலையில் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். சுத்தமான வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. லாக்கப்பில் யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கிராணி பேரைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார். என் பக்கத்தில் மலாய் மொழிபெயர்ப்பாளர் சும்மா உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மேலே மாஜிஸ்திரேட், வெள்ளைக்காரர், ஆப்பிரிக்காப் பக்கம் ஏதோ ஒரு காலனியில் இருந்துவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்தான் மலாக்கா வந்தவர். கோபக்காரர் அல்ல. அவசரப்படாமல், மரியாதையாக, மெதுவாகத் தண்டிப்பார்.

குற்றச்சாட்டை வாசித்தேன். சாதாரணமாக நான் நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறவன். அன்று என் தமிழ் தறிகெட்டு ஓடியது. 'மேற்படி தேதியில் மேற்படி சாலையில் மேற்படி நபரைக் கடுங்காயப்படுத்தியதன் மூலம்' என்று ஒரே மூச்சு. பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்து லேசாகச் சிரித்தார். பிறகு கண்ணை மூடினார், கைகூப்பினார், தலை குனிந்தார்.

"யா, யா."

"ஒப்புக்கொள்கிறார், ஐயா" என்றேன்.

அவர் கையை இறக்குவதற்குள் சொல்லிவிட்டேன். 'புரிந்ததா?' என்று கேட்கவில்லை. 'ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் தெரியுமா?' என்று கேட்க வேண்டியது கட்டாயம். அதைக் கேட்ட மாதிரி உதட்டை அசைத்தேன். இதைப் பல வருஷம் எனக்கு நானே 'அவசரம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவசரம் இல்லை. அவர் மறுத்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் கதை வரும். கதையில் நான் வருவேன். ஒப்புக்கொண்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு மனிதருடைய ஜெயிலை என் பத்து நிமிஷத்துக்கு விலையாகக் கொடுத்தேன்.

போலீஸ் தரப்பு இன்ஸ்பெக்டர் சம்பவத்தை வாசித்தார். காஜா பெராங் ரோட்டில், கை உடைந்து கிடந்தவரைக் கண்டார்களாம். பக்கத்து வீட்டிலிருந்து பிள்ளை உலக்கையுடன் வந்து, தானே அதைக் காவலரிடம் கொடுத்தாராம். ரோட்டில். அந்தச் சொல்லைக் கேட்டபோதே எனக்கு உறுத்தியது. உலக்கையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குச் சண்டைக்குப் போகிற ஆளா இவர்? உறுத்தலை விழுங்கினேன்.

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "இதற்கு முன் நான் இருந்த ஊரில் ஒன்றைத்தான் முதலில் கேட்பேன். எத்தனை அடி பின்வாங்கினாய் என்று. ரோடு அகலமானது. இவருக்குப் போக இடம் இருந்தது, வீடும் பக்கத்தில் இருந்தது. சிறையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா, கேளுங்கள்."

கேட்டேன். ஆனால் எப்படி? 'சொல்ல ஒன்றும் இல்லையே?' என்கிற தொனியில். பிள்ளை மறுபடியும் கண்ணை மூடிக் கைகூப்பினார்.

அப்போது பின்வரிசையில் இருந்து சாரோங் கெபாயா எழுந்து நின்றது. பிள்ளையின் மனைவி.

"சக்காப்லா, பாக்! சக்காப்லா!" பேசுங்கள், பேசுங்கள் என்று மலாயில் ஒரே சத்தம்; மீதியும் மலாயில்தான். "திருடன் அடுப்படிக்கு வந்ததைச் சொல்லுங்க! என் தலைக்கு நேரா விளக்கத் தூக்கினதைச் சொல்லுங்க! ஏன் கும்பிட்டுக்கிட்டே நிக்கிறீங்க?"

காவலர் அவரை உட்காரச் சொல்லி அதட்டினார். பிள்ளை கண்ணைத் திறக்காமல், கூப்பிய கையைப் பிரிக்காமல், தோளுக்குப் பின்னால் தாழ்ந்த குரலில் மலாயில் சொன்னார்:

"பொறு. சாமி இன்னும் மந்திரத்தை முடிக்கல."

தம்பிகளே, இடி விழுந்தால் சத்தம் கேட்கும் என்பார்கள். எனக்குச் சத்தமே கேட்கவில்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் தெரிந்தது. பிள்ளை, மலாக்காச் செட்டி என்கிறார்களே, அந்த வம்சம். பல தலைமுறைக்கு முன்னேயே மலாக்காவில் ஊன்றிவிட்ட குடும்பம். சாமி நம் சாமி, பேர் நம் பேர், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். தமிழை அவர் கேட்பது கோயிலில், பூசாரி வாயில். தமிழ் காதில் விழுந்தால் கண்ணை மூட வேண்டும், கைகூப்ப வேண்டும், முடியும் வரை குறுக்கே பேசக் கூடாது. அறுபது வருஷப் பழக்கம். நான்கு மாலையும் நான் சட்டம் நடத்தவில்லை. பூஜை நடத்தியிருக்கிறேன்!

முதலில் எனக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். வெட்கத்தோடு எழுதுகிறேன். 'அப்படியானால் நான் சொன்ன ஒரு வார்த்தையும் இவருக்குப் புரியவில்லை, நான் தப்பித்தேன்' என்று உடம்பெல்லாம் குளிர்ந்தது. அடுத்த நொடிதான் மற்றது உறைத்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. குற்றச்சாட்டும்தான். 'ஒப்புக்கொள்கிறார்' என்று சொன்னவன் நான்.

"அந்தப் பெண்மணி என்ன சொல்கிறார்?" என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

'குடும்பப் பேச்சு, ஐயா.' அந்த வாக்கியம் நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழை இல்லாமல், என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. சொன்னால் முடிந்தது. பக்கத்தில் மலாய் மொழிபெயர்ப்பாளர் பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பென்சிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் எழுந்து பேசியிருந்தால் நான் இன்றுவரை கோழையாகவே இருந்திருப்பேன். எனக்குரிய இடத்தை அவர் காலியாகவே விட்டுவைத்தார்.

எழுந்தேன்.

"ஐயா, இவருக்குத் தமிழ் தெரியாது. நான் சொன்ன எதுவும் இவருக்குப் புரியவில்லை. ஒப்புக்கொள்கிறார் என்று சொன்னது என் தவறு. நான் அவரைக் கேட்கவே இல்லை."

"கேட்கவே இல்லையா?"

"கேட்கவில்லை, ஐயா. இவர் என் பக்கத்து வீட்டுக்காரர். அதையும் நான் சொல்லவில்லை."

"பக்கத்து வீட்டுக்காரர். அவர் எந்த மொழி பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியாது?"

"நான் அவரைப் பேச விட்டதில்லை, ஐயா."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தக் கோட்டின் சத்தம் எனக்குக் கேட்டது. நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். மலாய் மொழிபெயர்ப்பாளர் எழுந்தார்.

குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்பட்டபோது பிள்ளையின் கண்கள் திறந்தன. வாயும் திறந்தது. அப்பப்பா, அந்த மனிதர் எவ்வளவு பேசுவார்! ரோடா? யார் சொன்னது ரோடு? அடுப்படி! மதியம் மனைவி சம்பல் வதக்கிக்கொண்டிருந்தபோது, சாமி மேடையிலிருந்து விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவன் பின்வாசலுக்கு ஓடப் பார்த்திருக்கிறான். அந்த அம்மாள் குறுக்கே நிற்க, அவர் தலைக்கு நேராக விளக்கை ஓங்கியிருக்கிறான். பிள்ளை மூலையில் இருந்த உலக்கையை எடுத்து ஓங்கின கையில் ஒரு போடு. ஒன்றே ஒன்று. விளக்கைப் போட்டுவிட்டு அவன் முன்வாசல் வழியாக ஓடி ரோட்டில் விழுந்தான். போலீஸ் அவன் விழுந்த இடத்தை எழுதிக்கொண்டது. அடி விழுந்த இடத்தை எழுதவில்லை.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்று பிள்ளை நெளிந்துபோன அந்த விளக்கையே கொண்டுவந்திருந்தார். மாஜிஸ்திரேட் நம் ஊர்ச் சட்டப் புத்தகத்தை விரித்து நெடுநேரம் வாசித்தார். பிறகு சொன்னார்: "ரோட்டிலிருந்து அடுப்படி இருபது அடிதான் இருக்கும். சட்டத்தில் அது வெகு தூரம். எத்தனை அடி பின்வாங்கினார் என்று நான் கேட்டுப் பழகினவன். இந்தப் புத்தகம் அதைக் கேட்கவில்லை. போலீசுக்குப் போக நேரம் இருந்ததா என்று கேட்கிறது. இல்லை. தேவைக்கு மேல் அடித்தாரா என்று கேட்கிறது. ஒரே அடி. ஓடினவனைத் துரத்தவில்லை." விடுதலை.

எனக்கு விடுதலை இல்லை. கடுமையாக ஒரு கடிதம், வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிவைப்பு. அந்தக் கடிதம் ரொம்ப நாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. யாராவது தலையை ஆட்டும்போதெல்லாம் அந்த இழுப்பறை ஞாபகம் வரும். உடனே, 'நான் சொன்னதை நீங்க உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க' என்பேன். அலுப்பான கேள்வி. வக்கீல்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

விடுதலையான அன்று ராவுத்தர் கடையில் நான் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அவருக்குத் தமிழ் தெரியாதுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்லா, தம்பி" என்றார்.

"நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க என்னைய பேச விட்டீங்க? நானும் நாலு நாளா வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அதற்குள் பிள்ளையே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டில் பலகாரத்தோடு வந்துவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மலாயில் அவர் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

"எதுக்கு மன்னிப்பு? நான்தான் ஒங்களுக்கு நன்றி சொல்லணும். சந்துல திருட்டு ஆரம்பிச்சதிலேருந்து எனக்குப் பயம். தூக்கமே இல்ல. நீங்க நாலு நாள் வந்து எனக்காக ஓதுனீங்களே, அன்னையிலேருந்து பயம் போயிடுச்சு. அவன் என் சம்சாரத்து மேல விளக்க ஓங்குனப்ப என் மனசுல ஒங்க கொரல்தான் கேட்டிச்சு. அந்த தைரியத்துலதான் அடிச்சேன்."

ராவுத்தருக்கு மலாய் நன்றாகத் தெரியும். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "அப்ப தூண்டிவிட்டது நீங்கதானா, தம்பி?"

நான் பலகாரத்தை வாய் நிறையப் போட்டுக்கொண்டேன். இருபத்தொன்பது வருஷம் அதே கோர்ட்டில் வேலை பார்த்தேன். எத்தனையோ பேர் சொன்னதை எத்தனையோ மாஜிஸ்திரேட்டுகளுக்கு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பிள்ளை அன்று சொன்னதை மட்டும் இன்றைக்குத்தான் மொழிபெயர்த்திருக்கிறேன்.